பொருந்துகிறது என்றால் என்ன பொருள்? தடயவியல் குறித்து வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ரத்தக்கறை ஆய்வைப் பற்றி நான்கு வரி எழுதியதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறேன். ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன, அவசரப்படாமல் படியுங்கள்.

கேள்வி: ரத்தம் சிந்திய இடத்தை எவ்வளவுதான் கழுவித் துடைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மைதான். கழுவினால் போவது கண்ணுக்குத் தெரிகிற ரத்தம். டைல்ஸ் இடுக்கு, மரப்பலகையின் வெடிப்பு, கதவின் அடிப்பக்கம், துடைத்த துணியை அலசிய வாளியின் விளிம்பு, இந்த மாதிரி இடங்களில் கொஞ்சமாவது தங்கிவிடும். அதைத் தேடத்தான் லுமினால். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது அல்லவா, லுமினாலையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து தெளிக்கும்போது அந்த இரும்பு வினையைத் தூண்டிவிட, கறை இருந்த இடம் இருட்டில் நீலமாக ஒளிரும். அரை நிமிடம் போலத்தான் ஒளி நிற்கும், அதற்குள் கேமராவைத் தயாராக வைத்துப் படம் எடுத்துவிட வேண்டும். 1937இல் வால்ட்டர் ஷ்பெக்ட் என்ற ஜெர்மானியர் இதைக் குற்றம் நடந்த இடங்களில் பயன்படுத்தலாம் என்று காட்டினார், இன்றும் அதே வேதிப்பொருள்தான்.

ஆனால் ஒளிர்ந்ததெல்லாம் ரத்தம் இல்லை. ப்ளீச் ஊற்றிக் கழுவிய தரை ஒளிரும், செம்பு கலந்த பொருள் ஒளிரும், சில காய்கறிச் சாறு பட்ட இடமும் ஒளிரும். அதனால் லுமினால் சொல்வது "இங்கே ரத்தம் இருக்கலாம், பாருங்கள்" என்பதோடு சரி. அடுத்து காஸ்டில்-மேயர் சோதனை. கறையைப் பஞ்சுக்குச்சியில் ஒற்றி எடுத்து, முதலில் ஆல்கஹால், பிறகு நிறமற்ற பினால்ஃப்தலின் கரைசல், கடைசியாகப் பெராக்சைடு என்று ஒவ்வொரு சொட்டு விடுவோம். பெராக்சைடு விட்டவுடன் இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம், அதை விடும் முன்பே நிறம் மாறினால் வேறு ஏதோ பொருள் ஏமாற்றுகிறது. மனித ரத்தமா என்று பார்க்கத் தனி அட்டை உண்டு, கர்ப்பப் பரிசோதனை அட்டை போலவே கோடு விழும். யாருடைய ரத்தம் என்ற கேள்விக்கு அதன் பிறகுதான் வருகிறோம். இன்னொன்று, லுமினாலை எடுத்த எடுப்பில் தெளிக்க மாட்டார்கள். தெளித்தால் கறை நீர்த்துப் போகும், சிதறிய துளிகளின் வடிவமும் கலைந்துவிடும். மற்றதையெல்லாம் பார்த்துப் படம் பிடித்த பிறகுதான் அதன் முறை.

கேள்வி: கைரேகையைப் பவுடர் தூவி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். காகிதத்திலும் பிளாஸ்டிக் பையிலும்கூட அப்படித்தான் எடுப்பார்களா? ரேகை எத்தனை நாள் இருக்கும்?

பவுடர் கண்ணாடி, பாலிஷ் போட்ட மரம் மாதிரி வழவழப்பான பரப்புக்குத்தான் நன்றாக வேலை செய்யும். விரலில் இருந்து பொருள் மேல் ஒட்டுவது வியர்வையும், முகத்தையோ தலையையோ தொட்டபோது சேர்ந்த எண்ணெய்ப் பசையும். காகிதம் இவற்றை உறிஞ்சிக்கொள்ளும், பவுடருக்குப் பிடிமானம் இருக்காது. அங்கே நின்ஹைட்ரின் கரைசலில் நனைத்து உலர்த்துகிறோம். வியர்வையில் உள்ள அமினோ அமிலத்தோடு அது சேர்ந்து ஊதா நிறம் கொடுக்கும். நீர் ஆவியாகிப் போனாலும் அமினோ அமிலம் காகித இழைக்குள் அசையாமல் கிடக்கும் என்பதால், வருடக்கணக்கில் பழைய கடிதங்களில்கூட ரேகை வெளிப்பட்டிருக்கிறது. முதல்முறை ஊதா வரி மெல்ல மேலெழுந்து வந்ததைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிளாஸ்டிக்குக்குச் சூப்பர் க்ளூ ஆவி. மூடிய பெட்டிக்குள் பொருளைத் தொங்கவிட்டு, ஈரப்பதம் சேர்த்து, பசையைச் சூடாக்கினால் அதன் ஆவி ரேகை வரிகளின் மேல் மட்டும் படிந்து வெள்ளையாக இறுகும். அதன் மேல் சாயம் ஏற்றித் தகுந்த விளக்கில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். நனைந்த காகிதம் என்றால் அமினோ அமிலம் கரைந்து போயிருக்கும், நின்ஹைட்ரின் பயன்படாது. மிஞ்சியிருக்கும் கொழுப்பில் வெள்ளித் துகள் படிய வைக்கும் வேறு முறை இருக்கிறது.

எத்தனை நாள் இருக்கும் என்பது பரப்பு, வெயில், ஈரம், விரலில் என்ன ஒட்டியிருந்தது என்பதைப் பொறுத்தது. ஆனால் ஒரு ரேகையைப் பார்த்து "இது செவ்வாய்க்கிழமை பதிந்தது" என்று சொல்ல நம்பகமான முறை இல்லை. ஒருவருடைய ரேகை ஒரு வீட்டில் கிடைத்தால் அவர் அந்தப் பொருளை எப்போதோ தொட்டிருக்கிறார், அவ்வளவுதான். சம்பவத்தன்று தொட்டாரா என்பதை வேறு சாட்சியங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: உலகத்தில் இரண்டு பேருக்கு ஒரே ரேகை கிடையாது என்று பள்ளியில் படித்தோம். அப்படியென்றால் கைரேகையில் தப்பே நடக்காதா?

இரட்டைப் பிள்ளைகளுக்கே ரேகை வேறு வேறுதான். தாயின் வயிற்றில் சுமார் மூன்றாம் மாதம் தொடங்கி உருவாகும்போது, மரபணு மட்டுமல்லாமல் விரல் பட்ட அழுத்தம், வளர்ந்த வேகம் எல்லாம் சேர்ந்து வரிகளைத் தீர்மானிக்கின்றன. ஆனால் கேள்வி முழு விரலைப் பற்றியதே இல்லை. குற்றம் நடந்த இடத்தில் கிடைப்பது பாதி விரல், இழுபட்டது, மங்கலானது, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. அந்தப் பாதி ரேகையை ஒரு மனிதர் கண்ணால் ஒப்பிட்டு முடிவு சொல்கிறார். தப்பு அங்கேதான் நுழைகிறது.

2004இல் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தபோது, டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பையில் கிடைத்த ரேகையை எஃப்.பி.ஐ. தன் கணினியில் தேடியது. அமெரிக்க வழக்கறிஞர் ஒருவரின் ரேகையோடு பொருந்துகிறது என்று அவர்களுடைய நிபுணர்கள் சொன்னார்கள், நீதிமன்றம் நியமித்த வெளி நிபுணரும் அதையே சொன்னார். அந்த வழக்கறிஞர் சுமார் இரண்டு வாரம் காவலில் இருந்தார். கடைசியில் அது அல்ஜீரியர் ஒருவரின் ரேகை என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்தது. லட்சக்கணக்கான ரேகைகள் உள்ள கணினியில் தேடினால் மிகவும் ஒத்த ரேகை ஒன்று கிடைக்கத்தான் செய்யும், அதோடு முன்னவர் பொருந்துகிறது என்று சொன்னது தெரிந்த பிறகு அடுத்தவர் கண்ணும் அதையே தேடும்.

இந்த இரண்டாவது விஷயத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இட்டியல் ட்ரோர் என்ற ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து கைரேகை நிபுணர்களுக்கு அவர்களே முன்பு பொருந்துகிறது என்று முடிவு சொன்ன ரேகைகளை, அது மாட்ரிட் வழக்கில் தவறாகப் பொருத்தப்பட்ட ஜோடி என்று சொல்லிக் கொடுத்தார். ஐந்தில் நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் திறமை இல்லாதவர்கள் இல்லை, வருடக்கணக்கில் அனுபவம் உள்ளவர்கள். அதனால்தான் ஒப்பிடுகிறவருக்கு வழக்கின் கதையைச் சொல்லவே கூடாது என்று நான் விடாமல் சொல்லி வருகிறேன். "இவன்தான் செய்தான், ஒப்புக்கொண்டும் விட்டான், நீங்கள் ரேகையை மட்டும் உறுதி செய்யுங்கள்" என்று கூடவே ஒரு தாள் வந்தால் அந்த ஆய்வு அப்போதே பழுதாகிவிட்டது.

ரேகையை வகைப்படுத்தித் தேடும் முறைக்கு பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது. அதன் கணக்கு வேலையைச் செய்தவர்கள் அவருக்குக் கீழ் வேலை பார்த்த இந்தியர்களான அஜிஜுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். அவர்கள் வேலை பார்த்த கல்கத்தாவில்தான் 1897இல் உலகின் முதல் கைரேகைப் பிரிவு தொடங்கியது. இந்த இரண்டு பெயர்களும் இன்னும் பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

கேள்வி: டி.என்.ஏ. எடுக்க எவ்வளவு ரத்தம் வேண்டும்? ஒரு முடி கிடைத்தால் போதுமா?

துளி ரத்தமே தாராளம். மனித உடலின் ஒரு செல்லில் சுமார் 6 பிகோகிராம் டி.என்.ஏ. இருக்கிறது. வழக்கமான சோதனைக்கு அரை முதல் ஒரு நானோகிராம் (ஆயிரம் பிகோகிராம் சேர்ந்தது ஒரு நானோகிராம்) இருந்தால் நல்ல முடிவு வரும், அதாவது நூறு, நூற்றைம்பது செல்கள். பி.சி.ஆர். என்ற முறையில் தேவையான பகுதிகளை மட்டும் பிரதி எடுக்கிறோம். ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு, 28 சுற்று முடிந்தால் கணக்குப்படி ஒன்று சுமார் 27 கோடி ஆகும். நாம் பார்ப்பது ஒருவரின் முழு மரபணுவை இல்லை. நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு சிறு வரிசை திரும்பத் திரும்ப வரும் இடங்கள் மரபணுவில் உண்டு. அது உங்களுக்கு ஓரிடத்தில் 11 முறையும் 14 முறையும் வந்தால் எனக்கு 9, 12 என்று இருக்கும். ஒரு எண் அம்மாவிடமிருந்து, இன்னொன்று அப்பாவிடமிருந்து. இப்படி இருபது இடங்களை எண்ணினால் அந்த எண் வரிசை இன்னொருவருக்கு அப்படியே அமைவது மிக மிக அரிது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களுக்கு மட்டும் அது ஒன்றாகவே இருக்கும்.

முடி விஷயத்தில் வேர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிடுங்கப்பட்ட முடியில் வேரோடு செல்கள் ஒட்டியிருக்கும், தானாக உதிர்ந்ததில் பெரும்பாலும் அது இருக்காது. தண்டுப் பகுதியில், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.யை எடுக்கலாம், ஆனால் அது தாய்வழியாக மட்டும் வருவதால் அம்மா, பிள்ளைகள், அம்மாவின் உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆளை அடையாளம் காட்ட இது ஒரு குறை, ஆனால் இதுவே பலமாகவும் மாறும். ரஷ்யாவின் கடைசி ஜார் குடும்பத்தின் எலும்புகளை 1990களில் ஆராய்ந்தபோது, அரசி அலெக்ஸாண்ட்ராவின் தாய்வழி உறவினரான பிரிட்டிஷ் இளவரசர் ஃபிலிப்பின் ரத்தத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

கேள்வி: 'பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் இப்படி அமையும், அது குற்றவாளியோடு பொருந்துகிறது' என்று நிபுணர் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது தானே? அதற்கு மேல் என்ன வாதம்?

வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் படித்தவர்களும் சறுக்கும் இடம் இதுதான். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு நகரத்தில் ஒரு கோடிப் பேர் இருக்கிறார்கள். பத்து லட்சத்தில் ஒருவருக்கு அமையும் வகை என்றால் அந்த நகரத்தில் சராசரியாகப் பத்துப் பேருக்கு அது இருக்கும். கையில் வேறு எந்தச் சாட்சியமும் இல்லாமல், கணினியில் தேடி அந்தப் பத்தில் ஒருவரைப் பிடித்து வந்து நிறுத்தினால், அவர் குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. 'பத்து லட்சத்தில் ஒருவர்' என்பது 'இவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று' என்று ஆகிவிடாது. முழுமையான டி.என்.ஏ. முடிவில் இதைவிட மிகப் பெரிய எண்கள் வரும், அங்கே இந்தச் சிக்கல் குறைவு. சிதைந்த மாதிரி, மூன்று நான்கு பேருடைய செல்கள் கலந்த மாதிரி என்று வரும்போது எண் சிறுத்துவிடும், அப்போது இந்தக் கணக்கு ஒருவருடைய வாழ்க்கையையே தீர்மானிக்கும்.

சரி, எண் பிரமாண்டமாகவே இருக்கட்டும், அப்போதும் அது சொல்வது "இந்த டி.என்.ஏ. இவருடையது" என்பதை மட்டும்தான். அது அங்கே எப்படி வந்தது என்று சொல்லாது. 2012இல் கலிஃபோர்னியாவில் ஒரு கொலை. இறந்தவரின் நகத்தடியில் இருந்த டி.என்.ஏ. ஒருவரோடு பொருந்தியது, பிடித்து உள்ளே வைத்தார்கள். மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். பிறகுதான் தெரிந்தது, கொலை நடந்த இரவில் அவர் குடித்து மயங்கி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அவரை ஏற்றிச் சென்ற அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி வழியாக அவருடைய செல்கள் அங்கே போயிருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இதைவிடப் பெரிய கதை ஜெர்மனியில் நடந்தது. ஹைல்பிரான் நகரில் 2007இல் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் கிடைத்த டி.என்.ஏ. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுடையது. அதே பெண் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் நாற்பது சம்பவ இடங்களில் இருந்திருக்கிறாள், கொலையில் இருந்து சில்லறைத் திருட்டு வரை. வருடக்கணக்கில் தேடினார்கள். 2009இல், எரிந்து இறந்த ஓர் ஆணை அடையாளம் காண அவருடைய ஆவணத்தில் இருந்த கைரேகையை ஆராய்ந்தபோது அதிலும் அதே பெண்ணின் டி.என்.ஏ. வந்து நின்றது, அப்போதுதான் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. அது. குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதான், ஆனால் கிருமி செத்தாலும் டி.என்.ஏ. அழிவதில்லை. பிரிக்காத, எதையும் தொடாத ஒரு குச்சியை ஒவ்வொரு முறையும் கூடவே சோதித்திருந்தால் இது முதல் வருடமே தெரிந்திருக்கும். இதற்கு நாங்கள் வெற்றுச் சோதனை என்று பெயர் வைத்திருக்கிறோம். மிகச் சாதாரண வேலை, ஆனால் அது இல்லாத அறிக்கையை நான் நம்ப மாட்டேன். 2016இல் இப்படிப்பட்ட பொருள்களில் மனித டி.என்.ஏ. கலக்காமல் தயாரிக்க ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தனித் தரவிதியே கொண்டுவந்தார்கள்.

கேள்வி: துப்பாக்கியால் சுட்டவரின் கையைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?

சுடும்போது தோட்டாவின் பின்புற மருந்தில் இருந்து ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் சேர்ந்த நுண்துகள்கள் வெளியே வந்து கையில் படியும். ஒட்டும் நாடா பதித்த சிறு வட்டில் அவற்றை ஒற்றி எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கை கழுவினால் போய்விடும், சும்மா வேலை செய்துகொண்டிருந்தாலே சில மணி நேரத்தில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். பக்கத்தில் நின்றவர் கையிலும் படியலாம், அழைத்துப் போன வண்டியின் இருக்கையில் இருந்தும் ஒட்டலாம். ஆகவே துகள் கிடைத்தால் சுட்டார் என்றும், கிடைக்கவில்லை என்றால் சுடவில்லை என்றும் சொல்ல முடியாது.

கேள்வி: பிரேதப் பரிசோதனையில் 'இரவு 10 மணிக்கு இறந்திருக்கிறார்' என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

அவ்வளவு துல்லியமாக யாரும் சொல்லக் கூடாது, நல்ல மருத்துவர் ஒரு கால இடைவெளியைத்தான் சொல்வார். உடல் சூடு இறங்குவதைப் பார்ப்பார்கள், ஆனால் அது அறையின் வெப்பம், உடை, உடல் பருமன் எல்லாவற்றோடும் மாறும். தாடையில் தொடங்கும் விறைப்பு சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவி, பிறகு தளரத் தொடங்கும், வெயில் காலத்தில் எல்லாமே சீக்கிரம் நடக்கும். ரத்தம் கீழ்ப்பக்கமாகத் தேங்கித் தோலில் நிறம் படியும், சில மணி நேரம் கழித்து அது நிலைத்துவிடும். மல்லாந்து கிடக்கும் உடலின் மார்பில் அந்த நிறம் இருந்தால், குப்புறக் கிடந்தவரைப் பிறகு யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள். நேரத்தைவிட இந்தத் தகவல் பல வழக்குகளில் அதிகம் உதவும்.

இரண்டு மூன்று நாள் தாண்டிவிட்டால் இவை எதுவும் பயன்படாது, அப்புறம் பூச்சிகள்தான். நீலம், பச்சை நிறத்தில் மினுங்கும் பெரிய ஈக்கள் திறந்தவெளியில் கிடக்கும் உடலுக்கு நிமிடக் கணக்கில் வந்து முட்டையிடும். முட்டை, மூன்று கட்டப் புழு, கூட்டுப்புழு என்று அதன் வளர்ச்சி கடிகாரம் போல, ஆனால் அந்தக் கடிகாரத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். கிடைத்த புழுக்களில் பாதியை வெந்நீரில் இட்டுப் பிறகு ஆல்கஹாலில் பாதுகாப்பார்கள், மீதியை உயிரோடு வளர்த்து ஈயாக்கிப் பார்ப்பார்கள், ஏனென்றால் புழுவாக இருக்கும்போது எந்த இனம் என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த இடத்தின் வெப்பநிலைப் பதிவையும் வைத்துக் கணக்கிட்டால், ஈ முட்டையிட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று வரும். இறந்தது குறைந்தபட்சம் அதற்கு முன்பு. உடலை மூடிய பெட்டியில் வைத்திருந்தால் ஈ வரத் தாமதமாகும், அதையும் யோசிக்க வேண்டும்.

கேள்வி: விஷம் எதுவாக இருந்தாலும் இப்போது கண்டுபிடித்துவிடலாமா?

எல்லா விஷத்தையும் ஒரே தட்டில் காட்டும் இயந்திரம் கிடையாது. முதலில் பொதுவான சல்லடைச் சோதனை, அதில் ஏதாவது தென்பட்டால் பொருள்களைப் பிரித்து ஒவ்வொன்றின் எடையையும் அளக்கும் நிறமாலைமானியில் உறுதி செய்வது, இதுதான் வரிசை. எதைத் தேடுவது என்பதற்குப் பக்கத்தில் கிடந்த புட்டி, வாந்தி, சாப்பிட்டு வந்த மருந்துச் சீட்டு எல்லாம் வழிகாட்டும். ரத்தத்தை உடலின் எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். இறந்த பிறகு சில மருந்துகள் உறுப்புகளில் இருந்து இதயத்து ரத்தத்துக்குக் கசிந்து வந்து அளவை ஏற்றிக் காட்டும், அதனால் தொடையின் ரத்தக்குழாயில் எடுத்த ரத்தம்தான் சரி. உடல் அழுகும்போது நுண்ணுயிர்களே ஆல்கஹாலை உண்டாக்கும், குடிக்காத ஒருவரைக் குடித்தவர் என்று எழுதிவிடாமல் இருக்கக் கண்ணுக்குள் உள்ள நீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சோதித்தால் பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததுகூடத் தெரியவரும்.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த பழைய வழக்கு 1840இல் பிரான்சில் நடந்தது. கணவருக்கு ஆர்செனிக் கொடுத்துக் கொன்றதாக மரீ லஃபார்ஜ் மீது வழக்கு. ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் கண்டுபிடித்த சோதனை அப்போது புதிது. துத்தநாகமும் அமிலமும் சேர்த்த கலவையில் மாதிரியைப் போட்டால் ஆர்செனிக் வாயுவாக மாறி வெளியேறும், அதைச் சூடாக்கினால் கண்ணாடிக் குழாயில் கறுப்புக் கண்ணாடி மாதிரி படியும். உள்ளூர் வேதியியலாளர்கள் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்ல, பாரிஸில் இருந்து நச்சியல் நிபுணர் ஆர்ஃபிலா வந்து செய்து காட்டினார், ஆர்செனிக் கிடைத்தது. அவர் சடலத்தை மட்டும் சோதிக்கவில்லை. பயன்படுத்திய வேதிப்பொருள்களையும், சவப்பெட்டியைச் சுற்றியிருந்த மண்ணையும் சோதித்து, அங்கிருந்து ஆர்செனிக் வரவில்லை என்று காட்டிய பிறகுதான் தன் முடிவைச் சொன்னார். ஹைல்பிரானில் நூற்று எழுபது வருடம் கழித்து விட்டுப்போனது இந்த ஒரு படிதான்.

கேள்வி: எங்கள் வீட்டில் திருட்டு நடந்தது. போலீஸ் வருவதற்குள் பயத்தில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டோம். தடயம் போய்விட்டது என்று திட்டினார்கள். என்ன செய்திருக்க வேண்டும்?

பயத்தில் வீட்டை ஒழுங்குபடுத்துவது எல்லோரும் செய்வதுதான், உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அடுத்த முறை யாருக்காவது நேர்ந்தால், உள்ளே போகாமல் வெளியே நிற்கச் சொல்லுங்கள். கதவுப் பிடி, சுவிட்ச், பீரோவைத் தொட வேண்டாம். கழிவறையையும் பயன்படுத்த வேண்டாம், திருடியவர் பயன்படுத்தியிருக்கலாம். மழை வந்து வாசலில் காலடித் தடம் அழியும் போல இருந்தால் மேலே தொடாமல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடுங்கள்.

பொருள்களைச் சேகரிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். ரத்தம் பட்ட ஈரத் துணியைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டாதீர்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அப்படி வந்த ஒரு சட்டையைப் பிரித்தபோது முழுக்கப் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்து போயிருந்தது, அந்தக் குடும்பத்துக்கு நான் கொடுக்க முடிந்தது 'முடிவு எதுவும் இல்லை' என்ற ஒரு வரிதான். துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். தீ வைத்த வழக்கில் இதற்கு நேர் எதிர், பெட்ரோல் ஆவி பறந்துவிடும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். யார் எடுத்தார், யாரிடம் எப்போது கொடுத்தார், முத்திரை உடையாமல் இருந்ததா என்பது ஒவ்வொரு கைக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் உள்ளே இருக்கும் அற்புதமான ஆய்வு நீதிமன்றத்தில் நிற்காது.

கேள்வி: அழித்த வாட்ஸ்அப் செய்தியை மீட்க முடியுமா? மங்கலான கேமராப் படத்தில் வண்டி எண்ணைத் தெளிவாக்க முடியுமா?

செய்தியை அழித்தாலும் அது இருந்த இடத்தில் வேறு எதாவது எழுதப்படும் வரை சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. போனைக் கைப்பற்றியதும் ரேடியோ அலை நுழையாத பையில் போடுவது, தொலைவில் இருந்து யாரும் அழித்துவிடாமல் இருக்க. கணினி வட்டு என்றால் அதில் எதுவும் எழுத முடியாதபடி தடுக்கும் கருவியை இடையில் மாட்டிப் பிரதி எடுத்து, அசலுக்கும் பிரதிக்கும் ஹாஷ் எண் கணக்கிடுவார்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். கேமராப் படத்துக்கு வருவோம். படத்தில் பதியாத விவரத்தைப் பெரிதாக்கி வரவழைக்க முடியாது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அழகாகத் தெளிவாக்கிக் காட்டும், ஆனால் அது காட்டும் எண் அதன் ஊகம். அதைச் சாட்சியமாக வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

கேள்வி: தடயவியல் முறைகளில் எதை அதிகம் நம்பலாம், எதை நம்பக் கூடாது? டி.என்.ஏ.யால் பிடிபட்ட முதல் குற்றவாளி யார்?

டி.என்.ஏ.யும் நச்சுப் பொருள் ஆய்வும் சோதனைச்சாலை அறிவியலில் இருந்து வந்தவை, பிழை எவ்வளவு வரும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். கைரேகை அதற்கு அடுத்து. பல் கடித்த தடத்தை வைத்து ஆளைச் சொல்வதையும், நுண்ணோக்கியில் முடியைப் பார்த்து 'இவருடையதுதான்' என்று சொல்வதையும் நான் நம்புவதில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதெமி 2009இல் இதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதியது. எஃப்.பி.ஐ.யே 2015இல், தன் நிபுணர்கள் முடி ஒப்பீட்டில் கொடுத்த பழைய சாட்சியங்களை மீளாய்வு செய்தபோது 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் தவறான கூற்றுகள் இருந்ததாக ஒப்புக்கொண்டது. அந்தச் சாட்சியத்தால் சிறைக்குப் போனவர்களை நினைத்தால் தூக்கம் வராது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணு ரேகை முறையைக் கண்டுபிடித்தார். அந்தப் பகுதியில் 1983இலும் 1986இலும் இரண்டு பதினைந்து வயதுப் பெண்கள் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையைச் செய்ததாக ஒப்புக்கொண்டான், முதலாவதையும் அவன் தலையில் கட்டலாமா என்று பார்க்கத்தான் போலீஸ் ஜெஃப்ரீஸிடம் மாதிரிகளைக் கொடுத்தது. சோதனையில் இரண்டு குற்றத்தையும் செய்தவர் ஒருவரே என்றும், அது அந்தப் பையன் இல்லை என்றும் தெரிந்தது. கொலை வழக்கில் டி.என்.ஏ. முதன்முதலாகச் செய்த வேலை, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவனை வெளியே விட்டது. பிறகு சுற்றுவட்டாரத்தில் சுமார் 5,000 ஆண்களின் ரத்தமும் எச்சிலும் சேகரித்தார்கள், ஒன்றும் பொருந்தவில்லை. குற்றவாளியான காலின் பிட்ச்ஃபோர்க் தனக்குப் பதிலாகக் கூட வேலை பார்த்தவரை அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்திருந்தான். மதுக்கடையில் அந்த நபர் இதைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஒரு பெண், போலீசுக்குத் தகவல் கொடுத்தார். 1987 செப்டம்பரில் அவனைப் பிடித்து மாதிரி எடுத்தபோதுதான் பொருந்தியது, 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை கிடைத்தது.